அடுப்பைத் தந்தவள் மீது பழி

இந்த அவைக்குத் தலைமையேற்று, எங்கள் கண்ணீரையும் காகிதங்களையும் ஒரே பொறுமையோடு படித்துவரும் மருத்துவர் அம்மா அவர்களே! குப்பியில் பெயர் ஒட்டும்போதும் அந்தப் பிள்ளையை ஒருமுறை பெயர் சொல்லி அழைக்கும் ஆய்வகத்துச் சகோதரிகளே! பிள்ளையைத் தூக்கித் தூக்கியே ஒரு பக்கத் தோள் தாழ்ந்துபோன தகப்பன்மாரே! உறங்கும் பிள்ளையின் மூச்சை எண்ணி எண்ணியே தம் உறக்கத்தைத் தொலைத்த தாய்மாரே! முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, "இந்த ஆள் எப்போது முடிப்பார்" என்று இப்போதே பார்க்கிற எங்கள் செல்வங்களே! டைல்ஸ் விற்கிறவன் ஒருவனின் தலைதாழ்ந்த வணக்கம்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள் ஐயா. கடையில் இந்தக் குரல் தெருமுனை வரை போகும். மேடை இன்றுதான் முதல் தடவை, அதனால் தொண்டை பயப்படுகிறது.

அன்பு நிறைந்தவர்களே! தலையில் பெட்டி சுமந்து தொழிலுக்கு வந்தவன் நான். இருபத்தெட்டு ஆண்டுகளில் கடை வளர்ந்தது, கிடங்கு வளர்ந்தது, கூடவே என் தலைக்கனமும் வளர்ந்தது. என் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாங்க வருகிறவருக்கு மட்டும்தான் நாற்காலி. விற்கிறவன் உட்காரக் கூடாது. நான் உட்பட யாரும் உட்காரக் கூடாது. "ஆள் உக்காந்தா சரக்கும் உக்காந்துரும்" என்பேன். அதனால் ஊரார் எனக்கு வைத்த பெயர் "நிக்கிற முதலாளி". அதை நான் பட்டம் என்று நினைத்துப் பூரித்தேன். பாவி, அது என் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு என்று அப்போது தெரியவில்லை.

எனக்கு ஒரே மகள். படிப்பை முடித்துப் பத்தொன்பது வயதில் கடைக்கு வந்தாள். டைல்ஸ் விளிம்பை விரலால் தடவியே எந்தச் சூளைச் சரக்கு என்று சொல்லிவிடுவாள். வாய்ப்பேச்சில் என்னையே விற்றுவிடுவாள். ஆனால் பதினொரு மணியானால் தூணில் சாய்வாள். மதியம் ஆனால் இமைகள் பாதி இறங்கிவிடும்.

"ஏம்மா, தூணு விழுந்துரும்னு தாங்கிப் பிடிக்கிறியா?" என்பேன்.

"குதிரைதான்பா நின்னுக்கிட்டே தூங்கும். என்னைக் குதிரையா பெத்திருக்கலாம்ல?" என்பாள்.

கடை சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒருநாள், கூட்டமான நேரம், அவள் ஒரு டைல்ஸ் பெட்டி மீது உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாடிக்கையாளர்கள் பார்க்க, வேலையாட்கள் பார்க்க, "எந்திரி, அந்தப் பெட்டி வித்தாச்சு" என்றேன். பெட்டி விற்கவில்லை ஐயா. நான் பொய் சொன்னேன். அவள் எழுந்தாள். அன்று மாலை வீட்டு மாடிப்படியில் கையையும் ஊன்றி, தவழும் குழந்தைபோல் ஏறினாள். அதைப் பார்த்தும் நான் சொன்ன வார்த்தை என்ன? "சோம்பேறித்தனம்."

சோம்பலா அது? நெஞ்சைத் தொட்டுக் கேட்கிறேன், சோம்பலா அது?

கடைசியில் மகளைக் கூட்டிப்போனபோது, இந்த மருத்துவர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அரைகுறையாக நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறிருந்தால் அம்மா திருத்தட்டும். நம் உடம்பு கோடிக்கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஏடு இருக்கிறது. குரோமோசோம் என்கிறார்கள். தாயிடமிருந்து இருபத்து மூன்று, தகப்பனிடமிருந்து இருபத்து மூன்று. சரிபாதி. நிறத்துக்கும் மூக்குக்கும் முடிக்கும் இருவரும் பொறுப்பு. கூட்டு வியாபாரம் செய்தவனுக்கு இது புரியாதா? உடனே புரிந்தது.

ஆனால் அந்த ஏட்டுக்கு வெளியே, அதே உயிரணுவுக்குள், கண்ணுக்குத் தெரியாத குட்டி அடுப்புகள் இருக்கின்றன. உழைக்கிற தசையிலே அவை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். பெயர் மைட்டோகாண்டிரியா. அந்தப் பெயர் என் வாயில் நுழைய மூன்று மாதமாயிற்று, சிரிக்காதீர்கள். தின்ற சோறும் இழுத்த மூச்சும் அங்கேதான் சந்திக்கின்றன. உணவை உயிர்க்காற்றோடு சேர்த்து, சிறுகச் சிறுக எரித்து, உடம்புக்கான ஆற்றலை அந்த அடுப்புகள்தான் சமைக்கின்றன. இமை தூக்க அந்த ஆற்றல். இதயம் துடிக்க அந்த ஆற்றல். ஒரு படி ஏற அந்த ஆற்றல். அடுப்பு அணைந்த வீட்டில் அரிசி இருந்து என்ன, அண்டா இருந்து என்ன? என் மகள் நன்றாகத்தான் சாப்பிட்டாள். உள்ளே எரிய வேண்டியது எரியவில்லை.

அந்த அடுப்புக்கென்று தனியாக ஒரு சின்ன மரபுக் குறிப்பு உண்டு. அது தகப்பனிடமிருந்து வருவதில்லை. ஆணின் விந்தணுவிலும் அடுப்பு இருக்கிறது, நீந்திவந்து சேரும் மட்டும். சேர்ந்த பிறகு கரு அதை அழித்துவிடுகிறது. ஆகவே இந்த அவையில் ஆணானாலும் பெண்ணானாலும், உங்கள் உடம்பில் எரிகிற அடுப்பெல்லாம் உங்கள் அம்மா தந்தது. அந்தக் குறிப்பில் பிழை விழுந்தால் அதுவும் அவள் வழியே வரும். எல்லா அடுப்பும் பழுதாக இருக்காது, நல்லதும் பழுதும் கலந்திருக்கும். ஒரு கருமுட்டைக்குப் பழுது குறைவாகப் போகும், இன்னொன்றுக்குக் கூடுதலாகப் போகும். அதனால்தான் தாய் திடமாக இருக்க, மகள் துவண்டாள். இந்த அடுப்பு நோயிலேயே வேறு வகையும் உண்டு, அது நடு ஏட்டுப் பிழை, இருவர் வழியாகவும் வரும். எங்கள் வீட்டுக்கு வந்தது தாய்வழி வகை.

மருத்துவர் அம்மா அதைச் சொல்லி முடித்த அந்த நொடி, அந்தச் சின்ன அறையில், நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்ப என் பக்கத்துல ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

பக்கத்தில் என் மனைவி இருந்தாள். மடியில் விரித்திருந்த ஃபைலை மெல்ல மூடினாள். மகளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை ஐயா. என் சரக்கில் பழுதில்லையே என்று கேட்டேன். வியாபாரி புத்தி!

அது அந்த அறையோடு நின்றதா? என் அக்கா வந்தாள். "அப்பவே சொன்னேன், அந்த வீட்டுப் பொண்ணு வேணாம்னு" என்றாள். நான் வாய் திறந்தேனா? மூடிக்கொண்டேன். திறந்தவள் என் மகள்தான்.

"அத்தை, அப்பா குடுத்த மூக்கைப் பாருங்க, பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு. அதுக்கு நான் அவரை ஒரு வார்த்தை சொன்னேனா? அம்மா என்ன, கடையில பாத்துப் பாத்தா எடுத்துக் குடுத்தா?"

அக்கா போய்விட்டாள். மனைவியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நாளைக்குக் கேட்கலாம், நாளன்றைக்குக் கேட்கலாம் என்று தள்ளினேன். டாக்டர் சொன்ன பதினோராம் மாதம் மகளின் இதயத்தசை ஓய்ந்தது. இருபத்திரண்டு வயது. அந்த நாளைப் பற்றி இந்த மேடையில் என்னால் பேச முடியாது. மன்னியுங்கள்.

கொஞ்சம் தண்ணீர்... நன்றி.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். என் மனைவியின் தங்கைக்கு ஏழு வயதில் ஒரு மகன். பள்ளிக்கூட மாடியில் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறான். இமை இறங்குகிறது. எனக்குத் தெரிந்த இமை அது! பரிசோதிக்கலாம் என்று மூன்று முறை போய்ச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"டெஸ்ட்ல வந்துட்டா எங்க வீட்ல என்னை என்ன சொல்வாங்க மாமா? அன்னைக்கு நீங்க டாக்டர்ட்ட சொன்னதைத்தானே?"

அடித்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. நான் வீசிய வார்த்தை ஒரு குழந்தையின் வழியில் முள்ளாகக் கிடக்கிறது. நான்தானே எடுக்க வேண்டும்? "மேடையில இதைப் பேசவா?" என்று நேற்று அவளிடம் கேட்டேன். "பேசிக்கோங்க, ஆனா டெஸ்டுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்" என்றாள். இருந்தும் வந்திருக்கிறாள்.

ஆகவே, பழி பேசிய வாயாலேயே, பலர் அறியச் சொல்கிறேன். என் மகளுக்கு அவள் தாய் நோயைக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டு எரிந்த நெருப்பைக் கொடுத்தாள். அவள் சிரித்ததும் அந்த நெருப்பு, என்னை எதிர்த்துப் பேசியதும் அந்த நெருப்பு. அந்த நெருப்பில் ஒரு துளிகூட என்னுடையது கிடையாது. என் மனைவியே, முன்னால்தான் இருக்கிறாய், என்னை மன்னித்துவிடு.

சகலை! நான்காம் வரிசையில் தலைகுனிந்திருக்கிறீர்களே, நிமிருங்கள். முழுதாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் முன்பே தெரிந்தால் இதயத்தைக் கண்காணிக்கலாம், பட்டினி போடாமல் பார்க்கலாம், ஆகாத மருந்துகளைத் தள்ளலாம். நாங்கள் தெரிந்துகொண்டது காலம் கடந்து. உங்களுக்குக் காலம் இருக்கிறது. இடப்பக்க அறையில் பரிசோதனை நடக்கிறது. உங்கள் வீட்டில் எவராவது உங்கள் மனைவியை ஒரு சொல் சொன்னால், முதல் ஆளாக நீங்கள் வாய் திறப்பீர்களா? நான் திறக்காத வாயை நீங்கள் திறப்பீர்களா?

இருங்கள்... யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். மைத்துனி எழுந்துவிட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறாள். சகலை, பையை வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஆம், அப்படித்தான். நடைவழியில் இருப்பவர்கள் காலை மடக்குங்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள், பிள்ளை பயந்துவிடுவான்.

என்ன, என் வீட்டம்மா சைகை காட்டி, முன்னாலிருந்தே சொல்கிறாள். "பேச்சை முடிச்சிட்டு இறங்குங்க, நாமளும் கூடப் போகணும்" என்கிறாள். அந்த டாக்டர் அறைக்குப் பிறகு ஒன்றரை ஆண்டாக என்னிடம் வேண்டியதை மட்டும் பேசியவள், நாமளும் என்கிறாள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், கூட அழுத தாய்மாருக்கும், இடம் தந்த மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி. இறங்குகிறேன். வணக்கம்.