வேலிக்குக் கீழாலை வந்த மொந்தன்

மரியநாயகி: கத்தியைக் கீழை வையுங்கோ பரிமளமக்கா! அந்தக் குலையிலை கை வைச்சீங்களெண்டா...

பரிமளம்: அட, வாய் திறந்திட்டீரே! ஒரு வருசமாச்சு உம்மடை குரலைக் கேட்டு.

மரியநாயகி: நீங்கள்தானே சொன்னனீங்கள், இனி இந்த வேலியடியிலை முகம் காட்டாதையும் எண்டு.

பரிமளம்: சும்மா சொன்னனானே? என்ரை மொந்தன் வாழையின்ரை குட்டி, வேலிக்குக் கீழாலை வந்து உம்மடை வளவிலை முளைச்சுது. கிண்டித் தாருமெண்டு கேட்டன். தந்தனீரே?

மரியநாயகி: நானே அதைக் கூப்பிட்டனான்? தானா வந்தது. வந்ததுக்குத் தண்ணி ஊத்தினன். சோளகக் காத்துக்கு விழாமல் முட்டுக் குடுத்தன்...

பரிமளம்: தண்ணி! கோப்பை கழுவின தண்ணி.

மரியநாயகி: அதைக் குடிச்சுத்தான் இப்பிடிக் குலை போட்டிருக்குது. உங்கடை பக்கத்திலை நிக்கிறதைப் பாருங்கோ, இன்னும் வாழைப்பொத்தியே தள்ளேல்லை!

பரிமளம்: மெல்லக் கத்தும். என்ரை மகள் தர்சினியின்ரை பிள்ளை இப்பதான் நித்திரையாச்சுது.

மரியநாயகி: ...எப்பிடி இருக்குது பிள்ளை?

பரிமளம்: குடிக்குது, கத்துது. தாயும் பிள்ளையும் சுகம். ஏன், எட்டிப் பாத்தா உமக்குக் கால் தேஞ்சிடுமோ?

மரியநாயகி: முகம் காட்டாதையும் எண்டா பிறகு எப்பிடி வாறது?

பரிமளம்: இஞ்சை பாரும், நாட்டிலையே சண்டையை நிப்பாட்டிப்போட்டாங்கள். நாங்கள்தான் ஒரு வாழையை வைச்சுக்கொண்டு... மேல் சீப்பிலை ஒண்டு மஞ்சளடிக்குது, கண்டனீரே? இண்டைக்கு வெட்டாட்டி கறிக்கு உதவாது.

மரியநாயகி: தெரியும். அதுக்குத்தானே நானும் கத்தியோடை வந்தனான்.

பரிமளம்: நீருமோ! ரெண்டு பேரும் கத்தியோடை நிக்கிறதை ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?

மரியநாயகி: சிரிக்க வைக்காதேங்கோ அக்கா. நான் கோவமா நிக்கிறன்.

பரிமளம்: சரி, பாதி உமக்கு, பாதி எனக்கு.

மரியநாயகி: ஏலாது. முழுக்குலையும் வேணும்.

பரிமளம்: முழுக்குலையோ? உம்மடை மனிசன் பஸ்ரியாம்பிள்ளைக்குப் பொரிச்சுக் குடுக்கவோ?

மரியநாயகி: அவருக்கில்லை. அது... நேத்திக்கடன் அக்கா. முழுக்குலை எண்டு நேந்திட்டன்.

பரிமளம்: இதென்ன சோலி! நானும் இந்தக் குலையைத்தான் நேந்தனான்.

மரியநாயகி: என்ரை வளவிலை நிக்கிற குலையையோ?

பரிமளம்: என்ரை வாழையின்ரை பிள்ளைதானே! பொறும், பொறும்... உம்மடை நேத்தி அந்தோனியாருக்குத்தானே? அப்ப பிரச்சினை இல்லை. நீரே வெட்டிக் கொண்டுபோம்.

மரியநாயகி: ஏன் இப்ப மட்டும் விட்டுத்தாறியள்?

பரிமளம்: ஒண்டுமில்லை. கொண்டுபோம்.

மரியநாயகி: சொல்லுங்கோ அக்கா.

பரிமளம்: ...நானும் அவருக்குத்தான் நேந்தனான்.

மரியநாயகி: அந்தோனியாருக்கோ? சைவக்காரி நீங்களோ?

பரிமளம்: உம்மடை மனிசன்ரை வள்ளம் எஞ்சின் நிண்டு, ஆளைக் காணேல்லையெண்டு நீர் கடற்கரையிலை குளறின அண்டைக்கு... அப்பதான் இது பொத்தி தள்ளி நிண்டது. வேலியாலை பாத்துக்கொண்டு நேந்தனான், ஆளைக் கொண்டுவந்து விடும், இந்தக் குலை முழுக்க உமக்கெண்டு.

மரியநாயகி: உங்கடை அம்மனிட்டைக் கேக்காமல்...

பரிமளம்: அம்மனுக்குப் பஸ்ரியாம்பிள்ளையைத் தெரியுமே? தெரிஞ்சவரிட்டைத்தானே கேக்கவேணும். அக்கரையிலை ஒதுங்கிட்டாரெண்டு சேதி வந்தோடனை உம்மைக் கட்டிப்பிடிக்கோணும்போலை கிடந்தது. கோவமெண்டபடியா வீட்டுக்குள்ளை இருந்திட்டன்... இதென்ன, ஏன் அழுகிறீர்? வெட்டுமன் குலையை!

மரியநாயகி: முழுசா வெட்டேலாது அக்கா, பாதியா வெட்டுவம். அந்தோனியாரிட்டை நான் சொல்லிச் சமாளிக்கிறன். நயினாதீவு அம்மனிட்டை நீங்கள்தான் எனக்காகக் கதைக்கோணும்... பிள்ளைப்பேறு சிக்கலெண்டு தர்சினியைப் பெரியாசுப்பத்திரிக்கு ஏத்தின அண்டைக்கு நானும் முழுக்குலையெண்டு அம்மனுக்கு நேந்திட்டன்.