ரெண்டு கன்வர்ட்டர்

நளினி: அதுக்காக நம்ம கல்யாணத்துக்கு எங்கண்ணன் வாங்கிக் குடுத்த சிடி பிளேயரத் தூக்கி ஒங்க கூட்டாளி மகேஸ்வரன்கிட்ட குடுத்துருவீங்களா?

முருகையா: சும்மா குடுக்கல புள்ள, மாத்திக்கிறோம். அவனோடதுல ரெண்டு கன்வர்ட்டர் இருக்கு.

நளினி: இருந்தா?

முருகையா: சிடில இருக்குறது வெறும் நம்பரு. அதப் பாட்டா மாத்துறதுதான் கன்வர்ட்டர். நம்மளோடதுல ஒண்ணே ஒண்ணு, இடதுக்கும் வலதுக்கும் மாறி மாறி ஓடுது. பாவம்லா.

நளினி: நானும் ஒரே ஆளுதான். கியா பார்ம் சந்தைல கடையும் பாக்குறேன், வீட்டுல சோறும் ஆக்குறேன். எனக்கு யாரு பாவம் பாத்தா?

முருகையா: அது... வேற.

நளினி: சரி, ரெண்டு பிளேயரும் இங்கதான இருக்கு. அந்தப் பக்கம் திரும்பிக் கண்ண மூடுங்க. எது பாடுதுன்னு சரியாச் சொன்னா மாத்திக்கலாம்.

முருகையா: போடு... ம்ம்... ஆகா! இது மகேஸ்வரனோடது!

நளினி: எப்படிச் சொல்றீங்க?

முருகையா: இடது பக்கம் மேளம் எப்படித் தனியா நிக்குது பாரு! ரெண்டு கன்வர்ட்டர் வேலைலா!

நளினி: இடது பக்கமா?

முருகையா: நல்லாக் கேக்குதே!

நளினி: என்னங்க... இடது ஸ்பீக்கர் வயரு என் கையில இருக்கு. கழட்டிட்டேன்.

முருகையா: கழட்டிட்டியா? எங்க, காட்டு.

நளினி: பாடுறதும் நம்ம பிளேயருதான்.

முருகையா: மலைக் குளிரு. காது அடைச்சுக்கிச்சு.

நளினி: வலது காதத் தலகாணில வச்சுத் தூங்குனா குக்கர் விசிலுக்குக்கூட எந்திரிக்க மாட்டீங்க. வருசம் பூராவா அடைக்கும்?

முருகையா: எஸ்டேட்ல கொழுந்து வெட்டுற மிஷின் ஓட்டுனேன்ல... அந்த எஞ்சின் சத்தம். டாக்டர்கிட்ட போனா லோரி லைசன்ஸ் போயிடும்னு பயம். ஒருவேள பிளேயர்லதான் கோளாறோ... இடதுக்குன்னு தனியா ஒண்ணு இருந்தா கேக்குமோன்னு...

நளினி: அட மனுசா! எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம். லைசன்ஸ் போனாப் போகட்டும். திரிங்காப் தோட்டத்துப் பூவ வேற யாராச்சும் லோரில ஏத்தட்டும்.

முருகையா: திட்ட மாட்டியா?

நளினி: எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திட்டுறது... லோரில ஒங்களுக்கு இடது பக்கம்தான ஒக்காருறேன்? கேக்காதுன்னு தெரிஞ்சே, வழி பூரா ஒங்கம்மாவத் திட்டிக்கிட்டு வருவேன்.

முருகையா: தெரியும்லா. மேல ஒரு கண்ணாடி தொங்குதே... ஒன் வாயப் பாத்துக்கிட்டேதான் இத்தன வருசமா லோரி ஓட்டுறேன்.