பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள்

— சுத்தி வளைக்காத. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளு எதுக்கு நம்ம வீட்டுக்கு வந்தான்? அதை மட்டும் சொல்லு.

— வந்த மனுசனுக்கு ஒரு வாய் டீ குடுத்தேன். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கறீங்க?

— இந்த ஊர்ல ஒரு சாவு விழுந்தா நம்ம வண்டிதான் முதல்ல போய் நிக்கணும், அவன் வண்டி நிக்கக்கூடாதுன்னு நாயா அலையறேன். எம் பொண்டாட்டி அவனுக்கு டீ ஆத்திக் குடுக்கறா! நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு.

— மெதுவாப் பேசுங்க. கீழ நம்ம கடையில சனங்க அழுதுட்டிருக்காங்க.

— அவங்க கெளம்பியாச்சு, பெட்டியும் மூடியாச்சு. எனக்குத் தெரியாம தொழிலை அவனுக்கு விலை பேசினியா? கேக்கறேன்ல?

— ஐயோ சாமி, இந்தத் தொழிலை யாரு வாங்குவா! எனக்காகப் பேசினேன்.

— உனக்கா? உனக்கு என்ன?

— என்னன்னு உங்களுக்குத் தெரியாது? டாக்டர் சொன்னப்ப பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க.

— டாக்டர் ஆயிரம் சொல்வாரு. வேற ஆஸ்பத்திரி பாக்கலாம்னு சொல்லிட்டேன்ல?

— பாக்கலாம். எத்தனை ஊசி போட்டாலும் கையை நீட்டறேன். ஆனா நான் போயிட்டா அந்தப் பக்கத்துக்காரரு வந்து எல்லாம் பண்ணட்டும். குளிப்பாட்டி உடுத்திவிட அவரு சம்சாரம் வர்றாங்களாம்.

— வாயை மூடு.

— மூடத்தான் போறேன். அதுக்குள்ள பேசி முடிச்சிடறேன்.

— என் கைக்கு என்ன குறைச்சல்? ஆத்துல ஊறிக் கெடந்தவனைக்கூட தூங்கற மாதிரி ஆக்கிக் குடுத்திருக்கேன். பெத்தவ பாத்துட்டு என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எம் பொண்டாட்டிக்குச் செய்ய மட்டும் எனக்குத் துப்பில்லையா?

— உங்க கைக்கு ஒரு குறையும் இல்ல.

— அப்புறம்? கட்டினவளே புருசனை நம்பலன்னு ஊரே வாயில போட்டு மெல்லும்.

— மெல்லட்டும். ஊருக்கு வேற என்ன வேலை?

— சிரிக்காதடி. வயிறு எரியுது எனக்கு.

— மாமா செத்த அன்னிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?

— எங்கப்பாவுக்கு நான் என்ன குறை வெச்சேன்? தேக்குப் பெட்டி. ஊர்வலம் சொன்ன நேரத்துக்குக் கெளம்புச்சு. இன்னிக்கும் பேசறாங்க.

— வாசல்ல நின்னு காரை ஓரங்கட்டச் சொல்லிட்டிருந்தீங்க. நாற்காலி பத்தலன்னு டிரைவரை ஏசினீங்க. வந்தவங்களுக்கெல்லாம் குடை புடிச்சீங்க.

— மழை பெஞ்சுதே! யாராவது பாக்கணும்ல?

— நம்ம பெரியவ எங்கிட்ட வந்து, 'அப்பாவுக்குத் தாத்தாவைப் பிடிக்காதாம்மா'ன்னு கேட்டா.

— அவ... அவ சின்னப் புள்ள. அவளுக்கு என்ன தெரியும்?

— எனக்குத் தெரியும். அன்னிலேர்ந்து தூக்கத்துல 'அப்பா அப்பா'ன்னு மொனகறீங்க. விடிஞ்சா சட்டையை மாட்டிட்டு அடுத்த வீட்டுச் சாவுக்குக் கெளம்பிடறீங்க.

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அந்த ஆளுகிட்ட அப்படி என்னதான் கேட்ட நீ?

— ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நான் போற அன்னிக்கு இந்த மனுசனை ஒரு வேலைக்கும் எந்திரிக்க விடாதீங்க, புள்ளைங்களுக்கு நடுவுல உக்கார வெச்சு வாய்விட்டு அழ விடுங்கன்னு.