சிங்கப்பூரிலிருந்து வரும் தம்பி

மலேசியாவின் செனாயில் பேருந்து ஏறிய அக்காளும் தங்கையும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைச் சீருடையில் இருந்த தங்கை சொன்னதைக் கேட்டுத்தான் நான் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

“அக்கா, தம்பிய வெள்ளிக்கிழமை வார்டுலேருந்து விடுறாங்களாம். பக்கத்து வீட்டுல சிங்கப்பூர்லேருந்து வர்றான்னே சொல்லிடுவோம்.”

“மூணு மாசமா அதத்தானே சொல்றோம். அங்க வேலை பாக்குறான்னு.”

“நல்லாயிட்டானாம். மாத்திரைய மட்டும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“ஞாயித்துக்கிழமை உன்ன பொண்ணு பார்க்க வர்றாங்க லா. மெண்டல் வார்டுல இருந்தவன் வீடுன்னு தெரிஞ்சா வாசப்படி மிதிப்பாங்களா? திங்கக்கிழமை வரச் சொல்லு.”

தங்கை சன்னலுக்கு வெளியே ஓடிய செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத நானே சொல்லிட்டேன்க்கா. திங்கக்கிழமை வரைக்கும் வார்டுலயே இருந்துக்கறேன்னுட்டான்.”

“கோவிச்சுக்கலையா?”

“இல்ல. ஒண்ணுதான் கேட்டான். சிங்கப்பூர்லேருந்து வர்றவன் வெறுங்கையோட வந்தா யாரு நம்புவாங்க, கூட்டிட்டுப் போக வரும்போது ஒரு சாக்லேட் பாக்கெட் வாங்கிட்டு வந்து என் கையில குடுத்துடுன்னான்.”