உள்ளே விட்ட துணி

மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் சேலை உடுத்திய இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவர் சொன்னார்:

"அக்கா, தையல் ரீச்சர் நான் தைச்ச சாறி பிளவுசை உள்பக்கம் திருப்பி, முழு வகுப்புக்கும் காட்டிப்போட்டா."

"ஆர், லண்டனில பெரிய டிசைனரா இருந்திட்டு இப்ப படிப்பிக்கிற அந்த வெள்ளைக்காரியோ?"

"ஓம். தையலுக்கு உள்ளுக்கு விட்ட மிச்சத் துணியை ஏன் வெட்டேல்லை எண்டு கேட்டா. பிழை விட்டிட்டன் எண்டு பயந்திட்டன்."

"நீ என்ன சொன்னனீ?"

"உடம்பு வைச்சால் தையலைப் பிரிச்சு விடலாம் எண்டன். அதுக்குத்தான் ரீச்சர் சொன்னா: இவ்வளவு காலமும் மாறாத உடம்புகளுக்குத்தான் தைச்சிருக்கிறாவாம். இனி வகுப்பில ஒருத்தரும் அந்தத் துணியை வெட்டக்கூடாதாம்."

மூத்தவர் சேலைக்குள் கையை விட்டு, தன் பிளவுசின் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் ஒரு தையல் பிரிக்கக் கிடக்கு," என்றார்.