பிஸ்கட் தாண்டிய நாலு தடை

– நீச்சல் வகுப்புன்னுதானே சொன்ன, டெர்வ்லா? சனிக்கிழமை ஆனா என் பொண்ணைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்ன? இங்க வந்து பாத்தா குதிரைப் போட்டியில, முதுகுல நம்பர் குத்திக்கிட்டு உக்காந்திருக்கா.

– அண்ணி, மெதுவாப் பேசுங்க. பிஸ்கட் காதை விறைச்சுக்குது பாருங்க. அது குதிரைகூட இல்ல, மட்டக்குதிரை. என் நெஞ்சு உயரம் வராது.

– குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் வித்தியாசம் எனக்கே சொல்லித் தர்றியா?

– அம்மா, நீ எப்படி வந்த?

– ரொட்டிக் கடையில உங்க டீச்சரைப் பாத்தேன் கிளியோனா. இன்னிக்கு உனக்கு முதல் போட்டியாமே, நீங்க போகலையான்னு கேட்டாங்க. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. இறங்கு. அந்தக் காலை இந்தப் பக்கம் போடு, நான் பிடிச்சுக்கிறேன்.

– என் நம்பர் வரப் போகுதும்மா. அந்தச் சாம்பல் குதிரைப் பையனுக்கு அடுத்து நான்.

– அண்ணி, திட்டுறதெல்லாம் என்னைத் திட்டுங்க. நான் லாயத்துல சாணி வாரிட்டிருந்தப்போ இவ வந்து பிஸ்கட் கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னா. நேரமாச்சு, நீச்சலுக்கு வான்னா வர மாட்டேன்னுட்டா. அண்ணன்கிட்ட கேட்டேன். நுவாலாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்னாரு.

– ஓகோ, டோனலும் கூட்டா? அப்ப ஈரத் தலையோட வீட்டுக்கு வருவாளே, அது?

– லாயத்துக் குழாயில நனைச்சுக் கூட்டிட்டு வருவேன்.

– அடிப்பாவி.

– வேற என்ன பண்றது அண்ணி? உங்க வீட்டுல குதிரைங்கிற சொல்லே வரக் கூடாது. என் லாயத்துப் பக்கம் எட்டிப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு? குதிரையில நீங்க தாண்டாத சுவரா இந்த க்ளேர் ஜில்லாவுல?

– தாண்டினேன். கடைசியாத் தாண்டினப்போ குதிரை என் மேலயே விழுந்துச்சு. இடுப்பெலும்பு உடைஞ்சு கால்வே ஆஸ்பத்திரியில கிடந்தேன். இவ அப்போ பால் குடிக்கிற குழந்தை. பக்கத்துக் கட்டில்ல போட்டிருப்பாங்க. அழுவா. எட்டித் தூக்க முடியாது என்னால. அழுகையைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். அதெல்லாம் உனக்கு எங்க தெரியப் போகுது.

– தெரியும் அண்ணி. அவளைத் தூக்கிப் புட்டிப்பால் கொடுத்ததே நான்தானே.

– அது இருக்கட்டும். உன் காலுக்கு என்ன? ஒரு பூட்ஸு மட்டும் ஏன் கட்டாம இருக்கு?

– காலையில வண்டியில ஏத்தும்போது பிஸ்கட் மிதிச்சிருச்சு. லேசா வீக்கம். நாலு தடைதானே, கயிறைப் பிடிச்சுக்கிட்டுக் கூட ஓடிருவேன்.

– இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ ஓடப் போற? பாதியில நீ தடுக்கி விழுந்தா கயிறோட அதோட தலையும் திரும்பும். மேல இருக்கறவ எங்க போய் விழுவா?

– அத்தை, பதினேழுன்னு மைக்ல கூப்பிடறாங்க. அது நான்தான்.

– அண்ணி, வாசல்ல நிக்கிற அந்த ஆளைக் கேக்கட்டுமா? அவர் நல்லா ஓடுவாரு.

– யாரோ ஒரு ஆள் கையில என் பொண்ணைக் கொடுப்பியா? கிளியோனா, கடைசியாக் கேக்கறேன், இறங்குறியா?

– மாட்டேம்மா.

– கயிறைக் கொடு டெர்வ்லா.

– நீங்களா அண்ணி?

– கொடுன்னேன். கையில சுத்தாத, மடிச்சுக் கொடு. கிளியோனா, ஒரு கையால பிடரியைப் பிடிச்சுக்கோ. குதிகாலை இறக்கு. என்னைப் பாக்காத, அதோட ரெண்டு காதுக்கும் நடுவுல பாரு. வா, உள்ள போலாம்.

– அம்மா, கயிறை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற?

– மழை ஈரத்துல வழுக்குது. பேசாம வா.

– அம்மா, இது உயரமா இருக்கு.

– உன் முழங்கால் அளவுகூட இல்ல. நான் சொல்றப்போ குனி. இப்ப குனி. ஆச்சு, பாத்தியா? அடுத்தது அந்த நீலக் கம்பு.

– ரொம்ப வேகமாப் போகுதும்மா.

– பக்கத்துலயே இருக்கேன். மூச்சை விடு. குனி. ரெண்டு ஆச்சு. திரும்பு, வைக்கோல் கட்டுப் பக்கம் திரும்பு.

– நின்னுடுச்சும்மா. நின்னுடுச்சு.

– வைக்கோலைப் பாத்து மிரளுது, அவ்வளவுதான். கடிவாளத்தை இழுக்காத கண்ணு, தளர்த்து. ஒரு சுத்து சுத்தி வருவோம். டேய் பிஸ்கட், மோந்து பாக்கற நேரமாடா இது? வா ராஜா. காலால ஒரு தட்டு தட்டு கிளியோனா. இன்னொண்ணு. குனி. அப்படித்தான். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, விடாதே, ஓடு, ஓடு. குனி.

– முடிஞ்சுதாம்மா?

– முடிஞ்சுது. முடிஞ்சுது கண்ணு. இறங்கு, என் மேல சாஞ்சுக்கோ.

– அண்ணி, இந்தாங்க, முதல்ல தண்ணியக் குடிங்க. ஒரு தடவை நின்னதுக்குப் புள்ளி குறைப்பாங்க, போகட்டும். முடிச்சுட்டா. வேலியோரம் நின்னவங்க ஒரே சிரிப்பு.

– எதுக்குச் சிரிக்கணும்?

– உங்களைப் பாத்துத்தான். கயிறு பிடிக்கிறவங்க தடைக்குப் பக்கத்துல ஓடினாப் போதும். பிஸ்கட் குதிக்கறப்பல்லாம் நீங்களும் குதிச்சீங்க. அது நுவாலாதானேன்னு ஒருத்தர் கேட்டாரு. ஆமான்னேன்.

– நான் குதிச்சேனா?

– நாலுக்கும். இருங்க, எல்லாப் பிள்ளைங்களுக்கும் ரிப்பன் தர்றாங்களாம், நொண்டி நொண்டிப் போய் வாங்கிட்டு வந்துடறேன்.

– அம்மா, குனி. அத்தை வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். காதுல.

– சொல்லு.

– எனக்கு இனிமே தாண்ட வேணாம்.

– ஏன்? நல்லாத்தானே தாண்டின.

– பிஸ்கட்டைக் கட்டிக்கப் பிடிக்கும். சீப்பால வாரி விடப் பிடிக்கும். மேல உக்காந்தா பயமா இருக்கு, எப்ப இறங்குவோம்னு இருக்கு. எப்பவுமே அப்படித்தான்.

– இறங்கச் சொன்னேனே, அப்பவே இறங்கியிருக்கலாமே?

– அத்தைக்கு ரொம்ப ஆசைம்மா. எனக்காகவே லாயத்துல தடைக் கம்புக்கெல்லாம் பெயின்ட் அடிச்சுச்சு. நீயே சொல்லிடு. நான் சொன்னா அழும்.

– சரி, நான் சொல்லிக்கிறேன். அதோ பாரு, சிப்ஸ் வண்டிக்குப் பின்னாடி உங்கப்பா நிக்கிறாரு. என் பக்கம் வரப் பயம். நீ போய் சிப்ஸ் வாங்கித் தரச் சொல்லு, ஓடு.

– இந்தாங்க அண்ணி, ரிப்பன். எங்க போறா நம்ம வீராங்கனை?

– உன் மருமக இனிமே குதிரை ஏற மாட்டாளாம்.

– நீங்க அப்படிச் சொல்ல வச்சீங்களா?

– சத்தியமா இல்ல. ஒவ்வொரு வாரமும் பயந்துக்கிட்டேதான் ஏறியிருக்கா. உன் மனசு நோகக் கூடாதாம்.

– பயமா? தடை கிட்ட வந்தாக் கண்ணைச் சுருக்கிக்குவா. கூர்மையாக் கவனிக்கிறான்னுதான் நான் நெனச்சேன். எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?

– எனக்கும் இப்பத்தானே தெரியும். அழாத.

– அழல. உங்ககிட்ட பொய் சொன்னேன், அவளையும் பயமுறுத்தியிருக்கேன். இனிமே உங்க வீட்டுல இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் அண்ணி. பிஸ்கட்டை வண்டியில ஏத்திட்டு நான் கிளம்பறேன். கயிறை விடுங்க. அண்ணி, கயிறை விடுங்கன்னேன்.

– டெர்வ்லா.

– சொல்லுங்க.

– உன் லாயத்துல என்னைத் தாங்குற குதிரை ஏதாவது நிக்குதா?