விரால் தின்ற நிறம்

கூடலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்: "எங்க குளத்து மீனோட நிறத்தை விரால் தின்னுருச்சுங்கக்கா."

"நிறத்தயா? என்னா புள்ள சொல்ற!" மூத்தவர் சிலோனிலிருந்து வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"கொசுப்புழு திங்கட்டும்னு கலர் மீனு வுட்டோமுங்க. மின்னுனதையெல்லாம் விரால் பாத்துப் பாத்துத் தின்னுருச்சு. மங்கலா இருந்ததுக தப்பிச்சுக் குட்டி போட்டுச்சுங்க. இப்பக் குளம் பூராவும் மண்ணு நிறந்தானுங்க."

மூத்தவர் திடுக்கிட்டவர் போலத் தன் வெறும் நெற்றியைத் தடவினார்.

"அங்க கலவரத்தில நெத்திப் பொட்டப் பாத்துத்தான் தமிழாளுன்னு புடிச்சானுக, புள்ள. நான் அழிச்சிட்டு ஓடுனேன். எங்க அக்கா, கோயில் குங்குமத்த அழிக்க மாட்டேன்னு நின்னுட்டா."